பட்டாணியைத் திரும்ப அழைத்துக்கொள்ளவும்

காட்டுப்பாக்கம்,
புதன்கிழமை.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய சம்பந்தி திரு. ஹேமநாதன் அவர்களுக்கு, குபேரன் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியிலிருந்து சண்முகசுந்தரம் கைகூப்பி எழுதுவது.

இங்கே நானும் புஷ்பாவும் கடவுள் விட்ட வழியிலும், மூன்றாம் மாடி என்பதால் லிஃப்ட் விட்ட வழியிலும் சௌக்கியமாகவே இருக்கிறோம். திருமழிசையில் தாங்களும் சம்பந்தியம்மாளும் குறைவின்றி இருப்பீர்கள் என்றும், தொழிற்பேட்டையில் தங்கள் பட்டறை ஓயாமல் ஓடுகிறது என்றும், ஏரிக்கரை நிலத்தில் இந்தப் போகமும் பழுதில்லை என்றும் நம்புகிறேன்.

இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கக்கூடும். கேட்கத்தான் பார்த்தேன். நான் "சம்பந்தி, அந்தக் குட்டி விஷயமா..." என்று ஆரம்பித்தால், "இன்னா சம்பந்தி, குட்டி சூப்பரா கீதா? நான்தான் அப்பவே சொன்னேன்ல!" என்று தாங்கள் சந்தோஷப்படுகிறீர்கள். அதன் பிறகு லேத் மிஷின் சத்தம். சத்தம் அடங்கியதும், "வேலயா கீறேன் சம்பந்தி, அப்பால பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். நான் கூப்பிடும்போதெல்லாம் இதுதான் நடக்கிறது. குட்டி சூப்பராக இருக்கிறது என்று நானே திரும்பத் திரும்பச் சொன்னதாகத் திருமழிசையில் பேச்சு என்று கேள்வி. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. எங்கள் சாலை வழியாகப் போரூருக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தங்கள் டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் லோகேஷும் தங்கள் மகள் ஜெயப்பிரியாவும் வேலை மாற்றலாகிப் புனேவுக்குப் போன பிறகு, புஷ்பா பழக்கதோஷத்தில் நாலு பேருக்கு உப்புமா கிண்டிவிட்டு, மிஞ்சியதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அதைக் கேள்விப்பட்டு, தங்கள் வீட்டு ஜூலி போட்ட குட்டிகளில் ஒன்றைக் கூடையில் வைத்துத் தாங்களே கொண்டுவந்து கொடுத்தீர்கள். அந்த மனசு யாருக்கு வரும்? மனசில் எனக்குக் குறையே இல்லை. குறையெல்லாம் கூடைக்குள் இருந்ததில்தான்.

அன்றைக்குத் தாங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "சம்பந்தி, இது சின்ன ஜாதி. ஃப்ளாட்டுக்குன்னே பொறந்தது. கொரைக்காது, ஓடாது, ஒரு ஓரமா குந்திகினு இருக்கும். குருவி கணக்கா துன்னும்." நான் பதில் சொல்ல எழுந்து, மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் தங்கள் வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது.

தங்களுக்குத் தெரியும், நான் ஆவடித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வுபெறும் வரைக்கும் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவன். ஒரு மரையாணியாக இருந்தாலும் அளந்து பார்க்காமல் முத்திரை குத்தியது கிடையாது. ஆகவே குட்டியையும் பார்த்தவுடன் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த ஜாதி நாய் அடுக்குமாடி வாழ்க்கைக்கு ஒத்துவருமா, வராதா என்று முறைப்படி சோதித்துப் பார்த்து, அதன் பிறகே முடிவெடுப்பது என்று தீர்மானித்தேன். நான் தீர்மானித்துவிட்டுத் திரும்புவதற்குள் புஷ்பா அதற்குப் பட்டாணி என்று பெயரே வைத்துவிட்டாள். சோதனை முடியாத பொருளுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்றேன். "பேர் வெக்காம எப்படிங்க திட்றது?" என்று கேட்டாள். அதில் நியாயம் இருந்ததால் விட்டுவிட்டேன்.

சின்ன ஜாதி என்று தாங்கள் சொன்னது உயரத்தைப் பொறுத்தவரை முழு உண்மை. நீளத்தைப் பற்றித் தாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. தலை சமையலறைக்குள் போன பிறகும் வால் ஹாலில்தான் இருக்கிறது. பூந்தமல்லியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது டாஷ்ஹண்ட் ஜாதி சார். குட்டைக் காலு, நீள முதுகு. வளைக்குள்ள பூந்து வேட்டையாடறதுக்குன்னு வளர்த்தது. மாடிப்படி மட்டும் ஏற விடாதீங்க, முதுகெலும்பு போயிடும். தூக்கிட்டுத்தான் போகணும்" என்றார். "எனக்கே முட்டி தேஞ்சு போச்சு டாக்டர், நானும் மாடிப்படி ஏறக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றேன். அவர் சிரிக்காமல், "அப்ப உங்களையும் யாராவது தூக்கினா நல்லது" என்று சொல்லிவிட்டு அடுத்த பூனையைக் கூப்பிட்டார்.

எங்கள் லிஃப்டைப் பற்றித் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கிரகப்பிரவேசத்தன்று சம்பந்தியம்மாள் சீர்வரிசைத் தட்டோடு அதற்குள் மாட்டிக்கொண்டு நின்ற கதை இன்னும் யாருக்கும் மறக்கவில்லை. கீழே வாட்ச்மேன் வரதனைக் கேட்டால், "மெக்கானிக் வந்துகினே கீறான் சார்" என்பான். ஆடி மாதத்திலிருந்து அந்த மெக்கானிக் வந்துகொண்டே இருக்கிறான். ஆக, காலையிலும் மாலையிலும் பட்டாணியை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கி, அது ஒவ்வொரு மின்கம்பத்தையும் விசாரித்து முடிக்கும் வரைக்கும் நின்று, மறுபடி மூன்று மாடி ஏறுகிறேன். ஏறும்போது அது என் தோளில் தலையை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டே வருகிறது, நான் நடுவில் மூச்சு வாங்க நின்றால் 'என்ன நின்னுட்ட?' என்பதுபோல் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறது. போன வாரம் சர்க்கரை பார்க்கப் போன இடத்தில் டாக்டர், "என்ன சார், சர்க்கரை இவ்வளவு இறங்கியிருக்கு, புது மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று சந்தேகத்தோடு கேட்டார். மாத்திரையின் அளவையே குறைத்துவிட்டார். ஒரு மனுஷன் பல வருஷமாகக் கட்டிக்காத்த வியாதியை இரண்டே மாதத்தில் கலைத்துவிடுகிற பிராணியை என்னவென்று சொல்வது?

வளை தோண்டுகிற ஜாதி, வளையே இல்லாத மூன்றாம் மாடியில் என்ன செய்யும்? சோபாவின் மூலையைத் தோண்டியது. புஷ்பா பால்கனியில் வைத்திருந்த கறிவேப்பிலைத் தொட்டியைத் தோண்டியது. நான் மடித்து வைத்த வேட்டிகளுக்குள் தோண்டிக்கொண்டு போய் அடியில் தூங்கியது. புஷ்பா துணி அலமாரியைத் திறந்து வேட்டியை எடுத்தால், வேட்டி அவளைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறது. அவள் கத்திய கத்தலில் பால் பொங்கி வழிந்து, அடுப்பு அணைந்து, அன்றைக்கு எனக்குக் காபியே இல்லை.

செய்தித்தாள் விவகாரம் தனி. குட்டி ஒன்றுக்குப் போக ஒரு மூலையில் செய்தித்தாளை விரித்துப் பழக்குங்கள் என்று அந்த மருத்துவர் சொல்லியிருந்தார். பழக்கினேன். தங்கள் வீட்டுக் குட்டியின் புத்திக்கூர்மையை நான் குறை சொல்லவே மாட்டேன், சீக்கிரமே பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டதுதான் தொல்லை. விரித்த செய்தித்தாள் எங்கே இருந்தாலும் அது தனக்காக விரித்தது என்று எடுத்துக்கொள்கிறது. நான் காலையில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தால், கீழே தொங்குகிற பக்கத்தில் வந்து நின்று, என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காரியத்தை முடித்துவிடுகிறது. இப்போது நான் நாட்டு நடப்பைக் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டுதான் தெரிந்துகொள்கிறேன்.

குரைக்காது என்றீர்கள். உடம்புதான் சின்ன ஜாதி சம்பந்தி, குரல் அல்ல. அது ஏதோ பெரிய நாயிடம் இரவல் வாங்கி வந்தது. மாடிப்படியில் யார் காலடி கேட்டாலும் குரைக்கும், குக்கர் விசில் அடித்தால் பதில் சொல்லும், பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற மெட்ரோ ரயில் தூண் தினமும் அதே இடத்தில்தான் நிற்கிறது என்றாலும் அதை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஒரு நாள் கதவு திறந்திருந்த நேரம் பார்த்துப் படியில் இறங்கி ஓடிவிட்டது. முதுகெலும்பு ஞாபகம் வந்து எனக்கு உயிரே போய்விட்டது. நான் பின்னாலேயே "பட்டாணி! பட்டாணீ!" என்று அலறிக்கொண்டு ஓடினேன். இரண்டாம் மாடியில் ஒரு அம்மாள் கையில் பாத்திரத்தோடு கதவைத் திறந்து, "பச்சப் பட்டாணியா, காஞ்சதா? கிலோ எவ்ளோப்பா?" என்று கேட்டார். முதல் மாடியில் இன்னொருவர், "உரிச்சதா இருந்தா அரை கிலோ குடு" என்றார். தொழிற்சாலையில் நான் உள்ளே வந்தால் எழுந்து நின்ற ஆட்கள் உண்டு. இன்றைக்கு இந்தக் கட்டடத்தில் எனக்குப் பட்டாணி சார் என்று பெயர். சண்முகசுந்தரம் என்று கேட்டு வந்த கூரியர் பையனிடம் வரதனே, "அப்டி ஆரும் இங்க இல்லயே" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறான்.

இதெல்லாம் போகட்டும். பால்ராஜ் விஷயத்தை நான் சொல்லியே ஆக வேண்டும்.

எதிர் ஃப்ளாட் பால்ராஜைத் தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, ஏனென்றால் எங்கள் குடும்ப விசேஷம் எதற்கும் அவரை நான் அழைத்ததில்லை. அவரும் ஆவடித் தொழிற்சாலைதான், மிஷின் ஷாப். திருநெல்வேலிக்காரர். ஒரு காலத்தில் அவர் பிரிவிலிருந்து வந்த இரும்புப் பின்கள் அத்தனையையும் அளவு பிசகு என்று நான் திருப்பி அனுப்பினேன். இன்றைக்குக் கொண்டுவந்தாலும் திருப்பித்தான் அனுப்புவேன். அன்றோடு பேச்சு நின்றது. பிறகு இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே மாடியில் எதிரெதிர் ஃப்ளாட் வாங்கிவிட்டோம். சாவி வாங்கிய அன்றைக்குத்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அதிலிருந்து அவர் கதவைத் திறந்தால் நான் மூடுவேன், நான் திறந்தால் அவர் மூடுவார். எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஏற்பாடு.

அடுக்குமாடிக்கு ஏற்ற நாய் என்றால் தனியாக இருக்கத் தெரிய வேண்டும் அல்லவா? அந்தச் சோதனைக்காக ஒரு நாள் பட்டாணியை ஃப்ளாட்டுக்குள் விட்டுப் பூட்டிவிட்டு, நானும் புஷ்பாவும் ஆவடியில் ஒரு வளைகாப்புக்குப் போனோம். திரும்பி வரும்போது கேட்டிலேயே வரதன் மறித்தான். "சார், நீங்க போனதுல இருந்து உங்க ஊட்ல கத்தினு கீது சார். ஆரோ ஆரையோ கொல பண்றாப்ல. போலீசு கூப்பிடலாமான்னு ஒரே பேச்சு. அப்பால எதிர் ஊட்டு ஐயா வந்துதான் அடக்கனாரு." எதிர் ஃப்ளாட்காரன் என் குட்டியை எப்படி அடக்கினான்? முட்டியை மறந்து மாடி ஏறினேன்.

மேலே போய்ப் பார்த்தால், எங்கள் ஃப்ளாட்டின் பூட்டின கதவுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு பால்ராஜ் உட்கார்ந்திருக்கிறார். கதவுக்கு அடியில் இருக்கிற இடுக்கைப் பார்த்துக் குனிந்து பேசிக்கொண்டிருக்கிறார். இடுக்கில் பட்டாணியின் மூக்கு மட்டும் தெரிகிறது. அவர் சொல்கிறார், "அழாதல, வந்துருவாரு. ஒங்க ஆளு போனா திரும்பி வருவாரு, சொன்ன நேரத்துக்கு வருவாரு, அதுல கொறையே கிடையாது. ஆனா ஒண்ணுல, ஒரு இரும்புப் பின்னுக்குக்கூட அவருகிட்ட பாஸ் வாங்க முடியாது. நீ எப்படி பாஸ் ஆவப் போறன்னுதான் எனக்கு வெசனமா இருக்கு." அவர் பேச்சை நிறுத்தினால் உள்ளே ஊளை. பேசினால் அமைதி. மத்தியானம் சாப்பிட்ட கையோடு வந்து உட்கார்ந்தவராம். தொழிற்சாலை பூராக் கதையையும் சொல்லி முடித்து, தன் கல்யாணக் கதைக்கு வந்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் எழுந்தார். அவர்தான் முதலில், "வே சண்முகம், பச்சப்புள்ளைய இப்படிப் பூட்டிப் போட்டுட்டா போவாக?" என்று கேட்டார். எத்தனையோ வருஷம் கழித்து அந்த மனுஷன் என்னிடம் பேசிய முதல் வார்த்தையே ஒரு ஏச்சு. எனக்குப் பதில் ஏச்சு வந்திருக்க வேண்டும். எனக்கு என்ன வந்தது என்றால், "காபி சாப்பிடறீங்களா?" என்று வந்தது. வாய் தவறிவிட்டது. அன்றிலிருந்து அந்த ஆள் தினமும் காபிக்கு வருகிறார் சம்பந்தி! அவர் சம்சாரம் சுசீலா மீன் குழம்பு கொடுத்தனுப்புகிறார். சாயங்காலம் நான் பட்டாணியோடு கிளம்பினால் அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு வருகிறார். நடக்கிற வழியெல்லாம் அந்தப் பின் அளவு சரிதான் என்று வாதம் செய்கிறார். நானும் விடுவதில்லை. இப்படி நிம்மதியாக மூடிக்கிடந்த கதவு ஒன்று இந்தக் குட்டியால் ஒரேயடியாகத் திறந்துபோயிற்று.

புனே போன் வேறு. முன்பெல்லாம் லோகேஷ் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, "சாப்பிட்டீங்களாப்பா, உடம்பு எப்படிப்பா" என்று கேட்டு வைத்துவிடுவான். சுருக்கமான பிள்ளை. இப்போது ஜெயப்பிரியா தினமும் வீடியோவில் வருகிறாள். "மாமா, போனைக் கொஞ்சம் கீழ காட்டுங்க. இன்னும் கீழ. உங்க கை மறைக்குது மாமா" என்கிறாள். நான் பட்டாணி பின்னால் போனைப் பிடித்துக்கொண்டு தவழ்கிறேன். அது என்ன சாப்பிட்டது, ஏன் ஒரு காது மடங்கியிருக்கிறது என்றெல்லாம் விசாரித்துவிட்டு, போகிறபோக்கில், "நீங்க இன்னைக்கு ஏன் டல்லா இருக்கீங்க மாமா?" என்று கேட்கிறாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தப் பெண் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை, நானும் பேச விட்டதில்லை. இந்த நிலைமையில் குட்டி வேண்டாம் என்று நான் வாயைத் திறந்தால் அவள் மனசு என்ன ஆகும்? 'எங்க வீட்டுலேர்ந்து வந்ததுன்னாலதான் இவங்களுக்குப் பிடிக்கல' என்று நினைத்துவிடமாட்டாளா? கல்யாணத்தில் பந்தி விஷயமாக இரண்டு வீட்டுக்கும் வந்த மனத்தாங்கல் இப்போதுதான் ஒருவழியாக ஆறியிருக்கிறது.

அப்போதுதான் கடவுளாகப் பார்த்து ஒரு வழி காட்டினார் என்று நினைத்தேன். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். நாய் வளர்ப்பவர்கள் சங்கத்தின் சம்மதம் பெற வேண்டும் என்று லிஃப்ட் கதவில் அறிவிப்பு ஒட்டியதும் நான்தான். போன ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் கூட்டம். தலைவர் தமிழரசு, பட்டாணிமேல் புகார் கொண்டுவரப் போவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. சங்கமே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்ய முடியும்? ஜெயப்பிரியாவிடம், "சங்கத் தீர்மானம் கண்ணு" என்று சொல்லிவிடலாம். தங்களிடமும் அதையே சொல்லிவிடலாம். பழி தமிழரசுக்கு, நிம்மதி எனக்கு. 'சங்கத்தின் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன்' என்று ஒரே வரி பேசிவிட்டு உட்காருவது என்று மனப்பாடம் செய்துகொண்டு, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போனேன். பட்டாணியைப் புஷ்பா மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

தமிழரசு எழுந்தார். சத்தம், நடமாட்டம், படியில் ரோமம் என்று என்னென்னவோ சொன்னார். நான் பேசாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அவர், "மொத்தத்துல அந்த நாய் வந்ததுலேர்ந்து நம்ம அபார்ட்மெண்ட்டோட தரமே போச்சு சார்" என்றார்.

தரம்! யாரிடம் வந்து யார் சொல்கிற வார்த்தை?

நான் எழுந்தது எனக்கே தெரியாது. "தரத்தப் பத்தி நீங்க பேசறீங்களா? மாடித் தொட்டி ரொம்பி வழியுதே, அது தரமா? உங்க பையன் பைக்க முறுக்கினா மூணாவது மாடில டம்ளர் ஆடுதே, அது தரமா? லிஃப்டு ஆடி மாசத்துலேர்ந்து பல்லக் காட்டிட்டு நிக்குதே, அது தரமா? நாயோட வேலை என்னங்க? புது ஆள் வந்தா குரைக்கறது. அது குரைக்குது! இந்தக் கட்டடத்துலயே தனக்குண்டான வேலைய ஒழுங்கா செய்யறது அது ஒண்ணுதான்யா!" என்று கத்தினேன். பின்வரிசையில் பட்டாணி தன் பெரிய குரலில் ஆமோதித்தது. உடனே பால்ராஜ் எழுந்து, "நான் ஒரு வார்த்த சொல்லுதேன். இந்த மனுசன் ஆயுசுல ஒரு பொருளுக்கும் லேசுல பாஸ் போட்டவர் இல்ல, அதுக்கு நானே சாட்சி. இவரே பாஸ் போட்டுட்டாருன்னா அதுக்கு மேல பேச என்னவே இருக்கு?" என்றார். ஜனங்கள் கைதட்டினார்கள். நாய் இருக்கலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றதும் தமிழரசு தவிர எல்லோரும் தூக்கினார்கள், தமிழரசு வீட்டம்மாளும் தூக்கினார். தீர்மானம் நிறைவேறியது. செயலாளர் என்ற முறையில் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

ஆக, தப்பிப்பதற்கு இருந்த ஒரே வழியையும் என் வாயாலேயே அடைத்துவிட்டு நிற்கிறேன். எல்லாச் சோதனைகளையும் முடித்துவிட்டேன், முடிவு இதுதான்: சின்ன ஜாதியோ பெரிய ஜாதியோ, இந்தக் குட்டி அடுக்குமாடி வாழ்க்கைக்கு ஒத்துவராது. ஆகவே தாங்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை, தாங்களாகவே வருவதுபோல் வந்து, 'ஜூலி குட்டிய நெனச்சு சரியா சாப்பிட மாட்டேங்குது' என்றோ, தங்களுக்குத் தோன்றுகிற வேறு ஏதாவது காரணமோ சொல்லி, பட்டாணியை அழைத்துக்கொண்டு போய்விடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எனக்காக அல்ல. எனக்கொன்றும் இல்லை. புஷ்பாவுக்குத்தான் முடியவில்லை. அவள் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள்.

அழைத்துப் போகும்போது சில விஷயங்கள். தூக்கும்போது முன்னங்காலை மட்டும் பிடித்துத் தூக்கக் கூடாது, பின்பக்கம் ஒரு கையால் தாங்க வேண்டும். தங்கள் வீட்டு வாசலில் இருக்கிற இரண்டு படியில்கூட இறங்க விடாதீர்கள், ஒரு பலகை சாய்த்துப் போடுங்கள். பால் சேராது, சோற்றில் கொஞ்சமாக வேகவைத்த பூசணிக்காய் பிசைந்தால் விரும்பிச் சாப்பிடும், ஆனால் பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும், எழுந்து போனால் நிறுத்திவிடும். இடி இடித்தால் நடுங்கும். அப்போது ஒரு துண்டைப் போட்டு மூடினால் சரியாகிவிடும். புதுத் துண்டு உதவாது, நான் கட்டின துண்டாக இருக்க வேண்டும், ஒன்று கொடுத்தனுப்புகிறேன். பட்டறைச் சத்தத்தில் அதை விடாதீர்கள். காது ரொம்ப மெல்லிசு.

சம்பந்தியம்மாளுக்கும் வீட்டில் பெரியவர்கள் அனைவருக்கும் எங்கள் வணக்கம். சின்னவர்களுக்கு எங்கள் ஆசீர்வாதம். தாங்கள் தொட்டதெல்லாம் துலங்கி, பட்டறையும் பயிரும் ஒன்றுக்கொன்று போட்டிபோட்டு விளங்க எல்லாம் வல்லவன் அருள்வானாக. எழுத்தில் ஏதேனும் அதிகப்படியாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
சண்முகசுந்தரம்

பி.கு.: அண்ணா, நான் புஷ்பா எழுதறேன். கவர ஒட்டி டிரைவர் தம்பிகிட்ட குடுக்கச் சொல்லிட்டு இவரு வெளிய போயிருக்காரு. பிரிச்சுப் படிச்சிட்டேன். எனக்கு முடியலன்னு நான் எப்ப சொன்னேன்? நான் நல்லாத்தான் இருக்கேன். வேட்டிக்குள்ள குட்டி தூங்கின அன்னைக்கு நான் கத்தினது, அத இவரே அங்க தூங்க வெச்சு அலமாரிய சாத்தாம விட்டிருந்தாருன்னு தெரிஞ்சுதான். கட்டில் மேல ஏறி நின்னு பேப்பர் படிக்கிறதெல்லாம் பொய், அவரு சத்தமா படிக்கிறாரு, அது மடில படுத்துக் கேக்குது.

ஒண்ணு சொல்றேன் அண்ணா. ஆவடி குவார்ட்டர்ஸ காலி பண்ணிட்டு இங்க வந்ததுலேர்ந்து இவரு வாயால ஒரு நாளும் இத வீடுன்னு சொன்னதில்ல. ஃப்ளாட்டு, ஃப்ளாட்டுன்னுதான் சொல்வாரு, யாரோ ஊருக்குப் போனவங்க இடத்த பாத்துக்கற மாதிரி. நேத்து இவரும் பட்டாணியும் நடந்துட்டு வந்து கேட் பக்கத்துல நிக்கறாங்க, அது உள்ள வராம அடம் பிடிக்குது. இவரு குனிஞ்சு அதுகிட்ட சொல்றாரு, மேல வரைக்கும் கேக்குது, "வா கண்ணு, நேரமாச்சு, நம்ம வீட்டுக்குப் போலாம்." நான் பால்கனில துணி எடுத்துகிட்டிருந்தேன். அப்படியே நின்னுட்டேன்.

நீங்க ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வாங்க, அண்ணியையும் கூட்டிட்டு வாங்க, சாப்பாடு இங்கதான். கூடை மட்டும் எடுத்துட்டு வராதீங்க. எதிர்வீட்டு சுசீலா ஒரு விஷயம் கேக்கச் சொன்னாங்க, ஜூலி குட்டில இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கான்னு. இருந்தா சொல்லுங்க.

இவரு எங்க போயிருக்காருன்னு சொல்லலையே. மழைக்காலம் வருதாம், பால்ராஜ் அண்ணன் வண்டில பின்னாடி உக்காந்துகிட்டு பூந்தமல்லிக்கு, பட்டாணிக்கு ரெயின்கோட்டு வாங்க. போன் அடிக்குது, அவருதான். கடைல இருக்கற எதுவும் தரமா இல்லையாம், தைக்கக் குடுக்கணுமாம், கழுத்துலேர்ந்து வாலு வரைக்கும் டேப்பு வெச்சு அளந்து சொல்லுன்னு கத்தறாரு. பேனாவ வெச்சிடறேன் அண்ணா, குட்டி தூங்குது, எழுப்பாம அளக்கணும்.